வெளிநாட்டிலிருந்து வரும் உடை, சொன்ன சைஸில் வாங்கியும் ஏன் பொருந்துவதில்லை?

தக்கலையில் சின்னத் தையல் கடை வைத்திருக்கிறேன். புதுத்துணி தைப்பதைவிட, வெளிநாட்டிலிருந்து வந்த உடைகளைப் பிரித்துத் தைப்பதுதான் இப்போது பெரிய வேலை. டிசம்பர் வந்துவிட்டால் மிஷினை விட்டு எழுந்திருக்க முடியாது. நீங்கள் கேட்டதையேதான் கடைக்கு வருகிறவர்களும் கேட்கிறார்கள். பதில் இதுதான்: போனில் எண்ணைச் சொல்லியிருப்பீர்கள், அளவைச் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

ஒரு முறை, கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, மாப்பிள்ளையின் அம்மா கோட்டும் கையுமாக வந்தார். "மக்களே, என் பிள்ளைக்கு 40. அவன் அண்ணன் ஜெர்மனியிலிருந்து 50 வாங்கி அனுப்பியிருக்கிறான். இதில் இரண்டு பேர் நுழையலாமே!" பிள்ளையை வரச்சொல்லிப் போட்டுப் பார்த்தால் தோளில் கச்சிதமாக உட்கார்ந்தது. கைநீளம் மட்டும் முக்கால் அங்குலம் குறைத்தேன். ஜெர்மனியிலும் இத்தாலியிலும் ஆண்கள் கோட்டுக்கு மார்பளவைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதில் பாதியைச் சீட்டில் போடுகிறார்கள். 100 சென்டிமீட்டர் மார்புக்கு 50. நம்முடைய 40 அங்குலம் என்பது 101.6 சென்டிமீட்டர். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். இவ்வளவு விளக்கியும் அந்த அம்மா சீட்டை வெட்டிவிடச் சொன்னார். சம்பந்தி வீட்டார் பார்த்தால் பிள்ளைக்கு வயது 50 என்று நினைத்துவிடுவார்களாம்.

ஆண்கள் கோட்டிலாவது எண்ணுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. பெண்கள் உடையில் அதைத் தேடிப் பிடிப்பது கடினம். இங்கிலாந்தில் 10 என்று விற்பது அமெரிக்காவில் 6, ஜெர்மனியில் 36, பிரான்சில் 38, இத்தாலியில் 42. இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் மகள், தன் 10-ஐ நினைத்துக்கொண்டு அமெரிக்கச் சீட்டில் 10 பார்த்து வாங்கினால் இரண்டு சைஸ் பெரிதாகத்தான் வரும்.

ஒரே நாட்டுக்குள்ளும் அந்த எண் நிலையாக நிற்கவில்லை. அமெரிக்காவில் 1939-40-இல் சுமார் 15,000 பெண்களை அளந்தார்கள். அந்தக் கணக்கை அடிப்படையாக வைத்து 1958-இல் ஓர் அளவுத் தரம் வெளியிட்டார்கள். அதில் 8 என்றால் மார்பு 31 அங்குலம், இடுப்பு 23.5. கம்பெனிகள் அதைக் கட்டாயமாகப் பின்பற்ற வேண்டியதில்லை. 1983-இல் அந்தத் தரத்தையே விலக்கிக்கொண்டார்கள். வாங்குகிறவர் மனம் குளிரட்டும் என்று பெரிய உடையில் சின்ன எண்ணைப் போடுவது வழக்கமாகிவிட்டது. இன்றைய 8 அன்றைய 8-ஐவிட ஐந்தாறு அங்குலம் பெரிது. ஆண்கள் சிரிக்க வேண்டாம்: 34 என்று எழுதிய பேன்ட்டின் இடுப்பில் டேப்பை வைத்து 36 பார்த்திருக்கிறேன், பலமுறை.

ஆகவே எண்ணை விடுங்கள். நன்றாகப் பொருந்துகிற பழைய சட்டை ஒன்றை எடுங்கள். நாங்கள் அளவுச் சட்டை என்போம். பொத்தானைப் போட்டு, மேஜையில் சுருக்கமில்லாமல் விரித்து, ஒரு கையடியிலிருந்து (அக்குளில் கை இணையும் இடம்) மறு கையடி வரை டேப்பைப் பிடியுங்கள். அதை இரண்டால் பெருக்கினால் உடையின் சுற்றளவு. உடம்பளவைவிட இது நான்கு அங்குலமாவது கூடுதலாக இருக்கும். கடைப் பட்டியலில் இருப்பது உடம்பளவா, உடையளவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தோளை மறக்காமல் தனியாக அளந்து, எல்லாவற்றையும் சென்டிமீட்டரில் அனுப்புங்கள்.

இரண்டு சைஸுக்கு நடுவில் குழப்பம் வந்தால், தோள் இடம்கொடுக்கிற வரை பெரியதை வாங்கச் சொல்லுங்கள். நான் தைக்கும் ஜாக்கெட்டில் பின்னால் பிரித்துவிட ஓர் அங்குலம் துணி உள்ளே விட்டிருப்பேன். கம்பெனி உடையில் அரை அங்குலம்கூட விடாமல், ஓரத்தை வெட்டிச் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் அடித்து முடித்திருப்பார்கள். பக்கவாட்டில் பிடித்துத் தருவது அரைமணி நேர வேலை. பிரித்துவிடத் துணிக்கு நான் எங்கே போவேன்?