மூக்கில் எடுத்த மாதிரியால் யாருக்குப் பயன்?

கேள்வி: என் தாயாருக்கு வயது 67, நீரிழிவு உண்டு. காய்ச்சலும் இருமலும் அதிகமாகி மருத்துவமனையில் சேர்த்தபோது, மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்தார்கள். ஃப்ளூ கண்காணிப்புக்காக என்றார்கள். முடிவு வருவதற்குள் அவர் குணமாகி வீடு திரும்பிவிட்டார். அப்படியானால் அந்தப் பரிசோதனையால் யாருக்கு என்ன பயன்? அவருக்குத் தடுப்பூசியை எப்போது போடுவது?

பதில்: தாயார் நலமடைந்தது குறித்து மகிழ்ச்சி. உங்கள் ஐயம் நியாயமானது. கண்காணிப்புக்காக எடுக்கப்படும் மாதிரி, பெரும்பாலும், அந்த நோயாளியின் சிகிச்சையை முடிவு செய்வதற்கானது அன்று; அந்த வட்டாரத்தில் எந்த வைரஸ், எந்த வயதினரிடம், எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதை அறிவதற்கானது.

இதற்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட மருத்துவமனைகளில், 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சலும் இருமலும் கடந்த 10 நாட்களுக்குள் தொடங்கி, உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டிய நிலையில் வருபவர்களைக் கடும் சுவாசத் தொற்று என்று பதிவு செய்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் வகுத்த இந்த வரையறையை எல்லா இடங்களிலும் ஒரே மாதிரி கடைப்பிடித்தால்தான் ஓர் ஊரின் கணக்கை இன்னோர் ஊரின் கணக்கோடும், இந்த ஆண்டை முந்தைய ஆண்டுகளோடும் ஒப்பிட முடியும்.

ஆர்டி-பிசிஆர் பரிசோதனை முடிவுகளை வாரந்தோறும் தொகுக்கும்போது, நோயாளிகளின் எண்ணிக்கையைவிட, பரிசோதித்த மாதிரிகளில் எத்தனை சதவீதத்தில் வைரஸ் இருந்தது என்பதையே நான் முதலில் பார்ப்பேன். எடுத்துக்காட்டாக, ஒரு வாரம் 50 மாதிரிகளில் 5, மறுவாரம் 100 மாதிரிகளில் 10 என்று வந்தால், நோயாளிகள் இரட்டித்ததுபோல் தோன்றினாலும் விகிதம் அதே 10 சதவீதம்தான், பரிசோதனைதான் கூடியிருக்கிறது. மாறாக, 50 மாதிரிகளில் 15 என்றால் பரவல் உண்மையிலேயே ஏறுகிறது என்று கருத இடமுண்டு. எண்ணிக்கையை மட்டும் சொல்லி அச்சமூட்டும் செய்திகளைப் படிக்கும்போது, எத்தனை பேரைப் பரிசோதித்தார்கள் என்று அவசியம் கேளுங்கள். வீட்டிலேயே இருந்து குணமாகிறவர்கள் இந்தக் கணக்கில் வருவதில்லை என்பதால், இது ஊரிலுள்ள மொத்த நோயாளிகளின் தொகையும் அன்று. ஏற்ற இறக்கத்தைக் காட்டும் அளவுகோல் மட்டுமே.

இப்படிச் சேரும் மாதிரிகளில் ஒரு பகுதி, 1952 முதல் இயங்கிவரும் உலகளாவிய இன்ஃப்ளுயன்சா ஆய்வக வலையமைப்புக்குச் செல்கிறது. அங்கே வைரஸ்களின் மரபணு மாற்றங்களை ஆராய்ந்து, தடுப்பூசியில் எந்த வகைகள் இடம்பெற வேண்டும் என்று வட அரைக்கோளத்துக்குப் பிப்ரவரியிலும் தென் அரைக்கோளத்துக்குச் செப்டம்பரிலும் பரிந்துரைக்கிறார்கள். ஃப்ளூ வைரஸின் பி வகையில் யமகட்டா என்னும் பிரிவு 2020 மார்ச்சுக்குப் பின் உறுதியாகக் கண்டறியப்படவில்லை என்பதும், அதனால் அதைத் தடுப்பூசியிலிருந்து நீக்கலாம் என்பதும் இத்தகைய மாதிரிகளால்தான் தெரியவந்தன. உங்கள் தாயாரிடம் எடுத்ததைப் போன்ற மாதிரிகளின் பயன் அவ்வளவு தூரம் செல்கிறது.

தடுப்பூசிக்கும் இந்தக் கணக்கே வழிகாட்டி. மிதவெப்ப நாடுகளில் ஃப்ளூ குளிர்காலத்தில் உச்சம் பெறுகிறது. வெப்பமண்டலத்தில் ஆண்டு முழுவதும் இருந்து, பல இடங்களில் மழைக்காலத்தில் கூடுகிறது, சில இடங்களில் இருமுறை உச்சம் காண்கிறது. ஊசி போட்டபின் பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும் என்பதால், உங்கள் பகுதியில் வழக்கமாகப் பரவல் ஏறத் தொடங்கும் காலத்துக்குச் சில வாரங்கள் முன்பே, ஆண்டுதோறும், அவருக்குப் போட்டுவிடுங்கள். ஒருமுறை ஃப்ளூ வந்துவிட்டது என்பதற்காகத் தவிர்க்க வேண்டாம்; அதே பருவத்தில் வேறு வகை வைரஸும் தாக்கலாம்.

மீண்டும் காய்ச்சலும் இருமலும் வந்தால், கண்காணிப்பு முடிவுக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவருடைய வயதும் நீரிழிவும் சிக்கல்களுக்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஓசெல்டாமிவிர் போன்ற ஃப்ளூ வைரஸ் எதிர்ப்பு மருந்து, அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாகப் பலன் தரும். மூச்சுத்திணறலோ, மார்பு வலியோ, குழப்பமோ தென்பட்டால் பகல் இரவு பாராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.