அடியில் 1958 என்று போட்டிருந்தால் அது 1958 பொம்மையா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில், எடிசனில் இருக்கிறோம். கராஜ் சேல், ஃபிளீ மார்க்கெட் என்று எங்கே போனாலும் பழைய பத்திரிகை கார்ட்டூன் பொம்மைகளை வாங்கிச் சேர்ப்பது என் பழக்கம். ஸ்னூப்பி, பாப்பாய், கார்ஃபீல்டு எல்லாம் சேர்த்து நாற்பதுக்கு மேல் இருக்கும். போன மாதம் ஒரு பீங்கான் ஸ்னூப்பியை 180 டாலர் கொடுத்து வாங்கினேன். மல்லாந்து படுத்திருக்கிறது, வயிற்றின் மேல் அந்த மஞ்சள் குருவி. அடியில் '1958, 1966 யுனைடெட் ஃபீச்சர் சிண்டிகேட்' என்று எழுதியிருக்கிறது, பக்கத்தில் 'ஜப்பான்' என்று ஒரு காகித ஸ்டிக்கர். 1958ஆம் வருடத்துப் பொம்மை என்று சொல்லித்தான் விற்றார்கள். வீட்டுக்காரர் 'நல்லா ஏமாந்துட்டே' என்கிறார். உண்மையா? பழசு எது, புதுசு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சீக்கிரமே சென்னைக்குத் திரும்பப் போகிறோம். இதையெல்லாம் கொண்டு போகலாமா, விற்றுவிட்டுப் போகலாமா? என் அப்பா வேறு, அந்தக் காலத்து வேதாளர் கதைப் பிரியர், 'எனக்கு ஒரு வேதாளர் பொம்மை கிடைக்குமா?' என்று கேட்டிருக்கிறார்.
— பெயர் வேண்டாம், எடிசன்

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் பொம்மை அசல்தான். விற்றவர் சொன்ன வயதுதான் தப்பு.

ஸ்னூப்பி வரும் கார்ட்டூன் தொடரின் பெயர் பீனட்ஸ். அந்தப் பீனட்ஸ் பொம்மைகளின் அடியில் இருக்கும் எண், பொம்மை செய்த வருடம் அல்ல. அந்த உருவத்துக்குப் பதிப்புரிமை பதிவான வருடம். 1958இல் பதிவான ஸ்னூப்பி உருவத்தை வைத்து 1975இல் ஒரு பொம்மை செய்தாலும் 1985இல் செய்தாலும் அடியில் 1958 என்றுதான் இருக்கும். பக்கத்தில் இருக்கும் 1966ம் அதே கணக்குதான். இது தெரியாமல் விற்கிறவர்களும் உண்டு, தெரிந்தே விற்கிறவர்களும் உண்டு. உங்களிடம் விற்றவர் எந்த வகை என்று நான் சொல்ல முடியாது.

உங்கள் பொம்மையிலேயே இதற்குச் சாட்சி உட்கார்ந்திருக்கிறது. அந்த மஞ்சள் குருவி. ஸ்னூப்பியைச் சுற்றிச் சின்னப் பறவைகள் முன்பிருந்தே வந்துபோய்க்கொண்டிருந்தன. ஆனால் தொடரை வரைந்த சார்லஸ் ஷூல்ஸ் அதில் ஒன்றுக்கு வுட்ஸ்டாக் என்று பெயர் வைத்தது 1970 ஜூன் 22 அன்று வந்த தொடரில். அதற்கு அப்புறம்தான் இருவரும் ஜோடியாகக் கடை அலமாரிக்கு வந்தார்கள். ஆக, 1958இல் அந்தப் பொம்மை இருந்திருக்கவே முடியாது. ஜப்பான் ஸ்டிக்கரையும் சேர்த்துப் பார்த்தால் 70களில் செய்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

எந்தப் பொம்மையைக் கையில் எடுத்தாலும் இப்படியே பாருங்கள். அடியில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, கதையில் அந்தக் கோலம் எப்போது வந்தது என்று யோசியுங்கள். விமானி கண்ணாடியும் தொப்பியும் போட்ட ஸ்னூப்பியா? அந்த வேஷம் முதலில் வந்தது 1965 அக்டோபரில். அதற்கு முந்தைய பொம்மை என்று யாராவது சொன்னால் கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். இன்னொரு சுலபமான அடையாளம் கம்பெனி பெயர். 'பீனட்ஸ் வேர்ல்டுவைட்' என்று இருந்தால் அது 2010க்குப் பிற்பட்டது, சந்தேகமே வேண்டாம். அந்த வருடம்தான் உரிமை கைமாறியது. அதற்கு முந்தைய பொருட்களில், தொடரைப் பத்திரிகைகளுக்கு விநியோகித்த யுனைடெட் ஃபீச்சர் சிண்டிகேட்டின் பெயர் இருக்கும்.

சரி, உண்மையான 1958 பொம்மை எப்படி இருக்கும்? ஹங்கர்ஃபோர்டு பிளாஸ்டிக்ஸ் என்ற கம்பெனி அந்த வருடம் சார்லி பிரவுன், லூசி, லைனஸ், ஸ்னூப்பி எல்லோரையும் வினைலில் செய்து விற்றது. பீனட்ஸ் பாத்திரங்கள் முதலில் பொம்மையானது அதில்தான். பீங்கான் இல்லை. உள்ளே காலி, கையில் எடுத்தால் கனமே இருக்காது, தலை பெரிதாக முகம் கொழுகொழு என்று இருக்கும். அந்த வரிசையில், தொடரில் எப்போதும் பியானோ வாசிக்கும் பையன் ஷ்ரோடருக்குப் பியானோ தனியாக வரும். குழந்தைகள் விளையாடின வீட்டில் அது எங்கே மிஞ்சும்? பியானோவோடு ஒரு ஷ்ரோடரைப் பார்த்தால் கொஞ்ச நேரம் நின்று, திருப்பித் திருப்பிப் பாருங்கள். வினைல் பிசுபிசுப்பாகியிருக்கிறதா, மூக்கிலும் காதிலும் பெயிண்ட் தேய்ந்திருக்கிறதா, புதுப் பெயிண்ட் ஏற்றியிருக்கிறார்களா என்று கவனியுங்கள். சின்ன பிளாக்லைட் (புற ஊதா ஒளி) டார்ச் ஒன்று வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பெயிண்டும் பின்னால் பூசிய பெயிண்டும் பெரும்பாலும் அந்த வெளிச்சத்தில் வேறுவேறாகத் தெரியும்.

180 டாலர் விஷயத்துக்கு வருகிறேன். விற்றவருக்கு நிதானமாக எழுதுங்கள். 'நீங்கள் 1958 என்று சொல்லி விற்றீர்கள், வுட்ஸ்டாக்குக்கு 1970இல்தான் பெயரே வந்தது' என்ற ஒரு வரி போதும். ஆன்லைனில் வாங்கியிருந்தால் விவரம் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்ப வழி இருக்கும். ஃபிளீ மார்க்கெட்டில் ரொக்கம் கொடுத்து வாங்கியிருந்தால் பணம் திரும்ப வரும் என்று நம்ப வேண்டாம். அடுத்த முறை வாங்குவதற்கு முன், ஈபேயில் கேட்கிற விலையைப் பார்க்காமல் விற்றுமுடிந்த விலையைப் பாருங்கள். அதற்கென்றே தனியாக வடிகட்டும் வசதி இருக்கிறது. ஒரே பொம்மைக்கு ஐந்து பேர் 200 டாலர் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், ஒருவர்கூட வாங்கியிருக்க மாட்டார். அரிய பொருள் என்றால் ஹேக்ஸ் ஏல நிறுவனத்தின் பழைய ஏல விவரங்களைப் புரட்டுங்கள். 1967இல் டெட் ஹேக் தொடங்கியது, இந்த மாதிரிப் பொருட்களிலேயே ஊறிய இடம்.

உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்பதை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். இது முதலீடு அல்ல. உங்களிடம் இருக்கும் கார்ஃபீல்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜிம் டேவிஸ் வரைந்த தொடர் 1978 ஜூன் 19 அன்று தொடங்கியது. 80களில் எனெஸ்கோ கம்பெனி பீங்கான் கார்ஃபீல்டுகளை அள்ளி இறக்கியது. அடியில் '1978, 1981' என்று இருப்பவை ஏராளம், இன்றும் சுலபமாகக் கிடைக்கின்றன. அந்தப் பூனையின் உருவத்தில் வந்த டெலிபோன்கள் பிரான்ஸின் பிரிட்டனி கடற்கரையில் வருடக்கணக்காக ஒதுங்கிக்கொண்டே இருந்தன. கப்பலிலிருந்து விழுந்த கன்டெய்னர் ஒன்று கடற்கரைக் குகைக்குள் சிக்கிக் கிடந்ததை 2019இல்தான் கண்டுபிடித்தார்கள். அவ்வளவு பொருள் வந்த காலம் அது. பிடித்திருந்தால் வாங்கி வையுங்கள், விலை ஏறும் என்று வாங்காதீர்கள். மாதம் இவ்வளவுதான் என்று ஒரு தொகையை இருவரும் சேர்ந்து முடிவு பண்ணிவிட்டால் வீட்டில் பாதிச் சண்டை நின்றுவிடும்.

அப்புறம், நாற்பது பொம்மையும் நாற்பது திசையில் போகிற மாதிரி தெரிகிறது. ஒரு தொடரைப் பிடித்துக்கொண்டு அதிலேயே ஆழமாகப் போங்கள் என்பதுதான் நான் உங்களுக்குச் சொல்ல நினைக்கிற முக்கியமான யோசனை. அந்தத் தொடரைப் படியுங்கள். யார் எப்போது கதைக்குள் வந்தார், எந்த வருடம் என்ன உடை போட்டார் என்று தெரிந்த ஆளை வயது சொல்லி ஏமாற்றுவது கஷ்டம்.

எனக்குக் கேட்டால் பாப்பாயைச் சொல்வேன். ஈ.சி. சீகர் 'திம்பிள் தியேட்டர்' என்ற தொடரை 1919இலிருந்து வரைந்துகொண்டிருந்தார். அதில் ஆலிவ் ஆயில் முதலிலேயே இருந்தாள், அவளுக்கு வேறு காதலனும் இருந்தான். 1929 ஜனவரி 17 அன்று ஒரு கப்பலை ஓட்ட ஆள் வேண்டும் என்று கதையில் ஒரு மாலுமியைக் கூப்பிட்டார்கள். வந்த மாலுமி திரும்பிப் போகவே இல்லை, தொடரையே எடுத்துக்கொண்டார். அவரை வைத்துத் தகரத்தில், மரத்தில், பீங்கானில் செய்யாத பொம்மை இல்லை. இலினாய் மாநிலத்தில் செஸ்டர் என்ற சின்ன ஊர்தான் சீகரின் சொந்த ஊர். 1977இல் அங்கே பாப்பாய்க்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். பின்னால் அதே தொடரின் விம்பி, ஆலிவ் ஆயில் என்று ஒவ்வொருவராக ஊர் முழுக்கச் சிலையாகிக்கொண்டிருக்கிறார்கள். இந்தியா திரும்பும் முன் ஒரு தடவை குடும்பத்தோடு போய்வரலாம்.

பாப்பாய் சேர்ப்பவர்கள் தேடும் பொருள்களில் ஒன்றை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1944இல், பாப்பாய் தொடரைப் பத்திரிகைகளுக்கு விநியோகித்த கிங் ஃபீச்சர்ஸ் சிண்டிகேட் தன் பாத்திரங்களை வரிசையாகச் சின்னப் பொம்மைகளாகச் செய்யவைத்தது. சிராக்கோ பொம்மைகள் என்பார்கள். மரக்கூழில் பிசின் கலந்து அச்சில் அழுத்திச் செய்து, மேலே பெயிண்ட் அடித்தவை. பாப்பாய், விம்பி, ஃபிளாஷ் கார்டன் எல்லோரும் அதில் உண்டு. கையில் எடுத்தால் பிளாஸ்டிக் மாதிரி வழவழப்பு இருக்காது. எங்காவது பெயிண்ட் உதிர்ந்த இடத்தில் பழுப்பாக மரத்தூள் நிறம் தெரியும். இதே பாணியில் டார்க் ஹார்ஸ் கம்பெனி 2000க்குப் பிறகு தகர டப்பாவில் போட்டு ஒரு வரிசை கொண்டுவந்தது. எண்ணிக்கை குறைவு, வேலைப்பாடும் அழகு. ஆனால் டப்பாவிலிருந்து பிரித்துத் தனியாக வைத்து 1944 என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். எண்பது வருடத்துப் பெயிண்டுக்கு ஓரங்களில் தேய்மானம் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் கவனத்தில் இருக்கட்டும். 1929 பாப்பாய் 2025 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பொதுவுடைமை ஆகிவிட்டார். இனி யார் வேண்டுமானாலும் அந்த உருவத்தை எடுத்தாளலாம் என்பதால் கிங் ஃபீச்சர்ஸ் முத்திரை இல்லாத புதுப் பொம்மைகளும் சந்தைக்கு வரும். முத்திரை இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். கால்வின் அண்ட் ஹாப்ஸ் பொம்மை எதையாவது 'பழைய ஒரிஜினல்' என்று யாராவது காட்டினால் பேச்சே வேண்டாம். அந்தத் தொடரை வரைந்த பில் வாட்டர்சன் தன் பாத்திரங்களைப் பொம்மையாக்க உரிமம் தரவே மறுத்தவர். அவர் மனசுக்கு மதிப்புக் கொடுத்து அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

அப்பாவுக்கு வேதாளர் கண்டிப்பாகக் கிடைப்பார். ஆங்கிலத்தில் அவர் பெயர் 'ஃபேண்டம்', லீ ஃபாக் 1936 பிப்ரவரி 17 அன்று தொடங்கிய தொடர் அது. நம் ஊரில் 1964இல் இந்திரஜால் காமிக்ஸ் வந்தபோது முதல் இதழே அவர் கதைதான். பொம்மை தேடும்போது நிறத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அமெரிக்காவில் 1939இல் ஞாயிற்றுக்கிழமை வண்ணப் பக்கம் வந்தபோது உடை ஊதா. ஸ்வீடனில் அவர் நீலம், இத்தாலியில் சிவப்பு. நீல வேதாளரைப் பார்த்தால் போலி என்று ஒதுக்காதீர்கள், ஸ்வீடன்காரர்களுக்காகச் செய்ததாக இருக்கலாம். அப்பா மனதில் இருக்கும் வேதாளர் எந்த நிறம் என்று முதலில் போனில் கேட்டுவிடுங்கள்.

சென்னைக்குக் கொண்டு போகலாமா என்றால், எல்லாவற்றையும் வேண்டாம். உங்களுக்கு உயிரான பதினைந்தோ இருபதோ எடுத்துக்கொண்டு மற்றதை அங்கேயே விற்றுவிடுங்கள். வாங்குகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். லாம்பர்ட்வில் கோல்டன் நகெட் சந்தை உங்களுக்குப் பக்கம்தானே, அங்கே வியாபாரிகளிடம் பேசிப் பாருங்கள். பீங்கான் பொம்மைகளுக்குச் சென்னை வெயிலும் புழுக்கமும் ஒன்றும் செய்யாது. வினைலும் மரக்கூழும்தான் கவலை. வினைல் சூட்டில் இளகிப் பிசுபிசுக்கும், மரக்கூழ் ஈரத்தை இழுத்து ஊதினால் பெயிண்ட் வெடிக்கும். இந்த இரண்டு வகையையும் கப்பல் கன்டெய்னரில் போடாமல் கைப்பெட்டியில் எடுத்துப் போங்கள். வீட்டில் வெயில் படாத சுவரில் கண்ணாடி அலமாரி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், மழைக்காலத்தில் அதை மாற்றிக்கொண்டே இருப்பது. இவ்வளவு செய்தால் போதும்.

சுத்தம் செய்யும்போது பீங்கானையும் வினைலையும் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு விட்டுத் துடைக்கலாம். மரக்கூழ் பொம்மையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது, மென்மையான பிரஷ் மட்டும்தான். 1920, 30களின் ஜெர்மன் பீங்கான் பொம்மைகள், அந்தத் தலையாட்டும் குட்டிகள், கையில் வந்தால் அதற்கும் தண்ணீர் வேண்டாம். அதில் பெயிண்டைச் சூளையில் சுடாமல் மேலாகப் பூசியிருப்பார்கள், கழுவினால் முகம் போய்விடும். பேக் செய்யும்போது செய்தித்தாளில் சுற்றாதீர்கள், மை ஒட்டிக்கொள்ளும். வெள்ளை டிஷ்யூ பேப்பரில் சுற்றி, அதற்கு மேல் பபிள் ராப் போடுங்கள். வினைலை மட்டும் பிளாஸ்டிக் கவரில் அடைக்காமல் துணியில் சுற்றுங்கள்.

உங்களிடம் இருக்கும் பாப்பாய் எதனால் செய்தது என்று கடிதத்தில் எழுதவில்லை. முன்னால், பின்னால், அடியில் என்று மூன்று படம் எடுத்து அனுப்புங்கள். பெயிண்ட் உதிர்ந்த இடம் ஏதாவது இருந்தால் அதையும் கிட்டத்தில் எடுங்கள். பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை அதை யாருக்கும் விற்றுவிட வேண்டாம்.