ராணுவத்தில் வேலை பார்க்காத ராணுவ ஜெனரல்: ஷோய்கு பற்றிக் கேள்வி பதில்

ரஷ்யாவின் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் செர்கெய் ஷோய்குவைப் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கே: நீளமான மேசையின் ஒரு முனையில் புடின், இன்னொரு முனையில் இறுகிய முகத்தோடு இரண்டு பேர். அதில் ஒருவர்தானே ஷோய்கு? யார் சார் அவர்?

ப: அவரேதான். அது 2022 பிப்ரவரி 27. அணு ஆயுதப் படைகளைத் தயார் நிலைக்குக் கொண்டுவரும்படி புடின் சொன்ன நாள். பக்கத்தில் இருந்தவர் தலைமைத் தளபதி கெராசிமோவ்.

ஷோய்கு 1955இல் மங்கோலிய எல்லையை ஒட்டிய துவா பகுதியில் பிறந்தவர். அப்பா துவா இனத்தவர், அம்மா ரஷ்யர். கிராஸ்னோயார்ஸ்க்கில் சிவில் இன்ஜினியரிங் படித்து, கட்டுமான வேலைகளில் மேலே வந்தார். 1991இல் மீட்புப் படைக்குத் தலைவர். 1994 முதல் 2012 வரை அவசரகால அமைச்சர். வெள்ளம், தீ, நிலநடுக்கம் என்று எங்கே நடந்தாலும் டிவியில் முதலில் தெரிகிற முகம் அவருடையதுதான். பதினெட்டு வருஷம் ஆரஞ்சு ஜாக்கெட் மீட்பு வீரர்களோடு திரையில் வந்தால் மக்களுக்குப் பிடிக்காமல் போகுமா?

கே: அப்படியானால் ராணுவ அனுபவமே இல்லையா? உடம்பு முழுக்க மெடல் இருக்கிறதே, அண்ணே?

ப: முறையான ராணுவ வாழ்க்கை இல்லை. ராணுவ ஜெனரல் என்ற உயர்ந்த பட்டம் 2003இல் கிடைத்தது. அதுவும் அவசரகால அமைச்சராக இருந்தபோதே. நம் ஊர் கண்ணுக்கு இது வேடிக்கையாகத் தெரியும். ஆனால் புடினின் வழக்கமே இதுதான். 2001இல் மார்ஷல் செர்கேயெவ் விலகிய பிறகு எந்தத் தொழில்முறை ராணுவ வீரரும் பாதுகாப்பு அமைச்சர் நாற்காலியில் உட்காரவில்லை. முதலில் உளவுத்துறைக்காரர் செர்கெய் இவனோவ், அப்புறம் வரித்துறையிலிருந்து வந்த செர்த்யுகோவ், அப்புறம் இன்ஜினியர் ஷோய்கு, இப்போது பொருளாதார நிபுணர் பெலவ்சோவ். படைகள் தன் பேச்சைக் கேட்கிற அளவுக்குச் செல்வாக்குள்ள ஒரு ஜெனரலை அங்கே வைத்தால் நாளைக்குத் தலைவலி என்று புடின் நினைக்கிறார். இது என் கணிப்பு. ஷோய்குவுக்குச் சொந்தமாகப் படை ஆதரவு எதுவும் இல்லை. அதுவே அவருக்குப் பெரிய தகுதியாகிவிட்டது.

கே: செர்த்யுகோவ் ஏன் போனார்?

ப: அதுவே ஒரு தனிக் கதை. மேசை நாற்காலி வியாபாரத்தில் ஆரம்பித்தவர் அவர். ஜெனரல்களைக் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பினார், அதனால் ராணுவத்துக்குள் அவரை யாருக்கும் பிடிக்காது. 2012 அக்டோபரில் அமைச்சகச் சொத்துகளை அடிமாட்டு விலைக்கு விற்ற ஊழல் வெடித்தது. சொத்துப் பிரிவுக்குத் தலைவராக இருந்த யெவ்கேனியா வசீலியெவாவின் வீட்டில் அதிகாலையில் சோதனை நடந்தபோது அமைச்சரும் அங்கே இருந்தார் என்று ரஷ்யப் பத்திரிகைகளே எழுதின. நவம்பர் 6ஆம் தேதி பதவி போயிற்று. மாஸ்கோ மாகாண ஆளுநராகி ஆறு மாதம்தான் ஆகியிருந்த ஷோய்குவை அதே நாளில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள்.

அந்த அம்மாவுக்கு 2015 மே மாதம் ஐந்தாண்டுச் சிறை. ஆகஸ்டில் பரோலில் வெளியே வந்துவிட்டார்! செர்த்யுகோவ் மீது கவனக்குறைவு வழக்கு மட்டும் போட்டு, 2014இல் பொது மன்னிப்பில் முடித்துவிட்டார்கள்.

கே: ஷோய்கு நல்லது எதுவுமே செய்யவில்லையா?

ப: செய்தார். ரஷ்யச் சிப்பாய்கள் பல தலைமுறையாகச் சாக்ஸுக்குப் பதில் காலில் துணி சுற்றிக்கொண்டுதான் பூட்ஸ் போடுவார்கள். 2013இல் அதை ஒழித்தார். முன்னறிவிப்பு இல்லாமல் படைகளைச் சோதிக்கும் வழக்கத்தை மீண்டும் கொண்டுவந்தார். செர்த்யுகோவ் கலைத்த பழம்பெருமை மிக்க டிவிஷன்களுக்கு உயிர் கொடுத்தார். 2014இல் கிரிமியா, 2015இல் சிரியா என்று வரிசையாக நடந்ததில் ராணுவம் நவீனமாகிவிட்டது என்று வெளிநாட்டு நிபுணர்கள் பலரும் நம்பினார்கள்.

கூடவே காட்சி வேலைகளும் இருந்தன. டாங்கிகளுக்குப் பந்தயம், சிறுவர்களுக்கு யுனார்மியா என்ற படை, குபின்காவில் ராணுவத்துக்கென்றே ஒரு பெரிய தேவாலயம். 2015 மே 9 அணிவகுப்பில் கிரெம்ளின் வாசலில் தொப்பியைக் கழற்றிச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு வெளியே வந்தார். கேமரா எங்கே இருக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

கே: பிறகு உக்ரைனில் ஏன் அப்படிச் சொதப்பினார்கள்?

ப: அந்தப் பழியை முழுக்க அவர் தலையில் போட முடியாது. போர் முடிவு புடினுடையது, களத் திட்டம் கெராசிமோவின் துறை. ஆனால் கீவிலிருந்து பின்வாங்கியது, கார்கிவில் சிதறியது, 2022 நவம்பரில் கெர்சோன் நகரை விட்டது எல்லாம் இவர் காலத்தில்தான். அந்த வருஷம் செப்டம்பர் 21 அன்று 3 லட்சம் பேரைப் படைக்கு அழைப்பதாக அறிவித்த அதே நாளில், அதுவரை இறந்த ரஷ்ய வீரர்கள் 5,937 பேர் மட்டுமே என்றார். வெளியே யாரும் நம்பவில்லை.

கே: பிரிகோஷினுக்கு இவர்மேல் ஏன் அவ்வளவு வெறி?

ப: குண்டும் பணமும். உக்ரைனில் ரஷ்யாவுக்காகச் சண்டை போட்ட வாக்னர் கூலிப்படையின் தலைவர் பிரிகோஷின். தன் படைக்கு வெடிமருந்து தராமல் அமைச்சகம் இழுத்தடிக்கிறது என்பது அவருடைய புகார். 2023 மே மாதம், இறந்துகிடந்த தன் ஆட்களின் உடல்களுக்கு நடுவே நின்றுகொண்டு, வெடிமருந்து எங்கே என்று ஷோய்குவையும் கெராசிமோவையும் பெயர் சொல்லி வசைபாடி வீடியோ போட்டார்.

ஆனால் அவரை உண்மையில் உசுப்பிவிட்டது அடுத்த மாதம் வந்த உத்தரவு என்று நினைக்கிறேன். தன்னார்வப் படைகள் எல்லாம் ஜூலை 1க்குள் அமைச்சகத்தோடு ஒப்பந்தம் போட வேண்டும் என்றார் ஷோய்கு. சத்தமே இல்லாமல் ஒரே கையெழுத்தில் வாக்னரை விழுங்கப் பார்த்தார். ஜூன் 23 இரவு பிரிகோஷின் கிளம்பினார். விடிந்தபோது ரோஸ்தோவில் உள்ள தென் ராணுவத் தலைமையகம் அவர் கையில். அங்கே இருந்த துணை அமைச்சர் யெவ்குரோவை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, ஷோய்குவை அனுப்பு என்று பேரம் பேசினார். அந்த வீடியோவை இன்றைக்குப் பார்த்தாலும் நம்ப முடியாது. பெலாரஸ் அதிபர் லுகாஷென்கோ நடுவில் வந்து சமாதானம் பேச, மாஸ்கோ நோக்கிப் போன வண்டிகள் திரும்பின. சரியாக இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்ட் 23 அன்று, பிரிகோஷின் விமானம் விழுந்து இறந்தார். ஷோய்கு பதவியில் அப்படியே இருந்தார்.

கே: இவர்மேல் ஊழல் புகார் உண்டா, ஐயா?

ப: உண்டு, வழக்குதான் இல்லை. மாஸ்கோவுக்குப் பக்கத்தில் பர்வீகாவில் பகோடா பாணியில் கட்டிய ஒரு மாளிகை அவருடையது, மதிப்பு சுமார் 1.8 கோடி டாலர் என்று புடினை எதிர்த்த அரசியல்வாதி நவால்னியின் அமைப்பு 2015இல் வெளியிட்டது. இடம் உறவினர் பெயரில். அதன்மேல் எந்த நடவடிக்கையும் வரவில்லை.

மாட்டியவர்கள் சுற்றி இருந்தவர்கள். முக்கியமாகத் துணை அமைச்சர் திமூர் இவனோவ். ராணுவக் கட்டுமானம் முழுக்க அவர் கையில். ஷோய்கு ஆளுநராக இருந்தபோதே அவரிடம் வேலை பார்த்தவர். குடும்பத்தின் ஆடம்பர வாழ்க்கையை 2022 டிசம்பரில் நவால்னி குழு அம்பலப்படுத்தியது. ஒன்றேகால் வருஷத்துக்கு யாரும் கண்டுகொள்ளவில்லை. 2024 ஏப்ரல் 23 அன்று ஷோய்குவின் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவரை அன்றைக்கே பிடித்தார்கள். மறுநாள் நீதிமன்றக் கண்ணாடிக் கூண்டுக்குள் ராணுவச் சீருடையோடு நின்றார். வங்கிப் பணத்தைச் சுருட்டியது, கெர்ச் நீரிணைக்குப் படகு வாங்கியதில் கைவைத்தது என்று சுமார் 400 கோடி ரூபிள் கணக்கில் 2025 ஜூலை 1 அன்று 13 ஆண்டுச் சிறை. லஞ்ச வழக்கு தனி.

அவருக்குப் பின்னால் பணியாளர் பிரிவுத் தலைவர் குஸ்நெட்சோவ், முன்னாள் துணை அமைச்சர்கள் புல்ககோவ், பாவெல் போபோவ் என்று வரிசையாகக் கைது. ஊழல் ஒழிப்பு என்று இதை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். திருட்டு எல்லாருக்கும் முன்பே தெரியும். பாதுகாப்பு கொடுத்த கை விலகப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் விலங்கு வந்தது. இவனோவ் பிடிபட்டு மூன்று வாரத்துக்குள், மே 12 அன்று, ஷோய்குவை அமைச்சகத்திலிருந்து நகர்த்தினார்கள்.

கே: சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் பிடிவாரண்ட் போட்டதே, இந்தியா வந்தால் கைதா?

ப: இல்லை. உக்ரைனின் மின் நிலையங்களைத் தாக்கிய வழக்கில் 2024 ஜூனில் அவர்மேலும் கெராசிமோவ்மேலும் வாரண்ட் வந்தது உண்மை. இந்தியா அந்த நீதிமன்றத்தில் உறுப்பினர் இல்லை, கைது செய்ய வேண்டிய கடமையும் இல்லை. டெல்லி அவருக்குப் பழகிய இடம். அமேதியில் ஏகே-203 துப்பாக்கி தயாரிக்கும் ஒப்பந்தம் 2021 டிசம்பரில் கையெழுத்தானபோது ராஜ்நாத் சிங்கோடு இருந்தவர் இவர்தான்.

கே: அடுத்து இவரும் உள்ளே போவாரா?

ப: எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1999 தேர்தலில் புடினுக்காக ‘ஒற்றுமை’ கட்சியைத் தலைமை தாங்கி நடத்தியவர், சைபீரியக் காட்டில் அவரோடு சேர்ந்து விடுமுறை கழித்தவர். இப்போது ரஷ்யாவின் பாதுகாப்புக் கவுன்சில் செயலாளர். 2025 ஜூனில் மட்டும் இரண்டு முறை பியோங்யாங் போய் கிம் ஜோங் உன்னைப் பார்த்துவிட்டு வந்தார். ஒழித்துக்கட்ட நினைக்கிற ஆளிடம் அந்த வேலையைக் கொடுக்க மாட்டார்கள்.