தஞ்சம் கோரியவர் வைத்தியரிடம் பதியலாமா?

வணக்கம். இலண்டனில் தஞ்சக் கோரிக்கையின் முடிவுக்காகக் காத்திருக்கும் உங்கள் தம்பி, குடியேறிகளுக்கு எதிரான அரசியல் பேச்சுகளைக் கேட்டுப் பயந்து, சீனி வருத்தம் கூடியும் வைத்தியரிடம் பதியாமல் இருக்கிறார் என்று புதுக்குடியிருப்பிலிருந்து எழுதியிருந்தீர்கள். இந்த வாரமே பதியச் சொல்லுங்கள்.

இங்கிலாந்தில் குடும்ப வைத்தியரிடம் பதிவதற்கு வதிவிட அனுமதியோ அடையாள அட்டையோ கட்டாயமில்லை. கோரிக்கை நிலுவையில் உள்ளவரை அரச ஆஸ்பத்திரியிலும் இலவசமாகவே பார்ப்பார்கள். கோரிக்கை முற்றாக நிராகரிக்கப்பட்டால் ஆஸ்பத்திரிக் கட்டணம் வரக்கூடும், ஆனால் குடும்ப வைத்தியரைப் பார்ப்பது அப்போதும் இலவசம்தான்.

அவருடைய பயத்தைக் குறை சொல்லாதீர்கள். சட்டவிரோதக் குடியேறிகளுக்குப் பகைமையான சூழலை உருவாக்குவதே நோக்கம் என்று 2012 இல் உள்துறை அமைச்சராக இருந்த தெரேசா மே வெளிப்படையாகச் சொன்னார். 2017 இல் நோயாளரின் முகவரி போன்ற விபரங்களை உள்துறை அமைச்சுக்குக் கொடுக்கும் உடன்பாடுகூட நடைமுறையில் இருந்து, கடும் எதிர்ப்பின் பின் 2018 இல் கைவிடப்பட்டது. உடன்பாடு போய்விட்டது, பயம் போகவில்லை. போர் முடிந்தபின் மெனிக் பாம் முகாமில் அடைபட்டு வரிசையில் நின்ற நம்மவருக்குப் 'பதிவு' என்ற சொல்லே நெஞ்சைப் பதற வைக்கும் என்பதை வன்னியில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

வைத்தியரிடத்தில் பதிய மறுத்தால் தம்பி காரணத்தை எழுத்தில் கேட்கட்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் அப்போதே சொல்லலாம். அதற்கும் கட்டணம் இல்லை.