வாசகர் கேள்வி பதில்: மணப்பெண் கையில் ஒரு கடன் பத்திரம்

யூதத் திருமண வீடியோ ஒன்றில் மோதிரம் போட்டதும் ஒரு பத்திரத்தை உரக்கப் படித்து மணப்பெண்ணிடம் கொடுத்தார்கள். முஸ்லிம் கல்யாணத்தில் மாப்பிள்ளை மணப்பெண்ணுக்குத் தரும் மஹர் போன்றதா அது?
– ஒரு வாசகி, மேலப்பாளையம்

பெயர் கெத்துபா. 'எழுதப்பட்டது' என்று பொருள். அரமேய மொழியில் இருக்கும். மஹருக்குத் தூரத்து உறவு எனலாம். ஆனால் கல்யாணத்தன்று பணம் கைமாறாது. கணவன் விவாகரத்து செய்தாலோ இறந்தாலோ மனைவிக்குச் சேரவேண்டிய தொகைக்கு அவன் எழுதித்தரும் கடன் பத்திரம் இது. முதல்முறை மணப்பவளுக்கு 200 ஸூஸ், விதவைக்கும் விவாகரத்தானவளுக்கும் 100. ஸூஸ் என்பது பழைய வெள்ளிக்காசு. 200 ஸூஸ் கையிருப்பு உள்ளவர் ஏழைகளுக்காக வயலில் விடும் கதிரைப் பொறுக்கக்கூடாது என்கிறது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா. சின்னத் தொகை இல்லை என்பது அதிலேயே தெரிகிறது. இதோடு அவள் கொண்டுவந்த சீதனமும், அவன் விருப்பப்பட்டுக் கூட்டும் தொகையும் சேரும். சோறு, துணி, தாம்பத்தியம் மூன்றும் தன் கடமை என்றும் அவன் ஒப்புக்கொள்கிறான்.

ஒரு காலத்தில் இந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வைத்தார்கள். கோபம் வந்தால் 'எடுத்துக்கொண்டு போ' என்று சொல்வது கணவனுக்குச் சுலபமாகிவிட்டது. கி.மு. முதல் நூற்றாண்டில் சிமியோன் பென் ஷெட்டா என்ற யூத அறிஞர் அதை மாற்றி, கணவனின் சொத்து முழுவதையும் ஈடாக்கினார். 'என் தோளில் கிடக்கும் மேலாடை வரை' என்றே பத்திரம் சொல்கிறது. அவசரப்பட்டு அனுப்பிவிட முடியாதபடி போட்ட முடிச்சு அது.

கையெழுத்து யார் போடுவது? எதில் தப்பு வரும்?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

ரப்பி (யூத மதகுரு) நீட்டும் கைக்குட்டையை மணமகன் வாங்கித் தூக்கிக் காட்டுவான். கடமையை ஏற்றதற்கு அதுவே அடையாளம். அதைக் கண்ட 2 சாட்சிகள் கையெழுத்திடுவார்கள். சாட்சிகள் மணமக்களுக்கோ ஒருவருக்கொருவரோ உறவாக இருக்கக்கூடாது. ஆசையாகத் தாய்மாமனைப் போடச் சொன்னால் பத்திரம் செல்லாது.

அடுத்தது தேதி. யூத நாள் சூரியன் மறைந்ததும் மாறிவிடும். எல்லாம் இரவில் முடிந்து, பத்திரத்தில் மட்டும் பகல் தேதி இருந்தால் அது முன்தேதியிட்ட பத்திரம். ஈடு அந்தத் தேதியிலிருந்து கணக்காவதால், இடையில் கணவனிடம் நிலம் வாங்கியவர் ஏமாறுவார். அதனால்தான் இவ்வளவு கறார். கைக்குட்டை தூக்கியது பகலில், கையெழுத்து மட்டும் இரவில் என்றால் ஏற்பவர்கள் உண்டு.

அச்சடித்த படிவத்திலும் வழுக்கும். மறுமணப் பெண்ணுக்கு 'கன்னி' என்ற சொல்லையும் 200ஐயும் மாற்றாமல் விட்டுவிடுவார்கள். ஓரத்தில் தங்கப் பூ வரைய மாதக்கணக்கில் செலவழிக்கிறவர்கள், நடுவில் இருக்கும் வரிகளை ஒருமுறை சரிபார்த்தால் போதும்.

தொலைந்துவிட்டால்?
– அதே வாசகர்

மாற்றுப் பத்திரம் எழுதி வாங்கவேண்டும். அதுவரை தம்பதி சேர்ந்து வாழக்கூடாது. இந்தப் பத்திரத்தை வைத்து விவாகரத்து செய்ய முடியாது. அதற்கு 'கெட்' என்ற வேறு பத்திரம் வேண்டும்.