மூன்றரை இலட்சம் ரூபாய் ‘ஸ்மார்ட்’ மண்சரிவுக் கருவி வாங்கலாமா?

கேள்வி: அப்புத்தளையில் நான்கு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறோம். பின்புறம் தேயிலைச் சரிவு. டித்வா புயலுக்குப் பிறகு, முன்பதிவு செய்பவர்கள் ‘அங்கே பயமில்லையா?’ என்று கேட்கிறார்கள். மண்ணின் ஈரத்தை அளந்து கைப்பேசியில் எச்சரிக்கும் கருவியை மூன்றரை இலட்சத்துக்குப் பொருத்தி, ‘காலநிலைப் பாதுகாப்புச் சான்றிதழ்’ ஒன்றும் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். முற்பணமும் கொடுக்காதீர்கள்.

முற்றத்தில் புதைக்கும் கருவிக்கு அந்த ஒரு குழியின் ஈரம்தான் தெரியும். மலை பிளப்பது மேலே, தோட்டத்துக்குச் சொந்தமான சரிவில். சான்றிதழ் இன்னும் மோசம். நிலத்தின் மண்சரிவு அபாயத்தை ஆராய்ந்து அறிக்கை தருவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். முகவரின் முத்திரையை நம்பி ஒரு குடும்பம் உங்கள் வீட்டில் தூங்கும். அதை நினைத்துப் பாருங்கள்.

உங்களுக்குத் தேவை ஒரு மழைமானி. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் மஞ்சள் எச்சரிக்கை, 100 என்றால் செம்மஞ்சள். 150ஐத் தொட்டாலோ, ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலோ சிவப்பு; வெளியேற வேண்டும். கூரை விளிம்பிலும் மரத்தடியிலும் வைக்காமல் வெட்டவெளியில் வையுங்கள். மின்னணு மானியானால் புனலைத் தினமும் பாருங்கள். ஒரு சருகு அடைத்தால் போதும், பேய்மழையிலும் திரை பூச்சியம் காட்டும். சுவரில் புது வெடிப்பு, கதவு திடீரென்று இறுகுதல், பீலித் தண்ணீர் கலங்குதல் அல்லது நின்றுபோதல்: இவற்றைக் கண்டால் அளவு பார்க்காமல் ஆட்களோடு இறங்கிவிடுங்கள்.

அரச எச்சரிக்கை இலவசம். ஆனால் அது ஒரு பிரதேச செயலகப் பிரிவு முழுவதற்கும் ஒரே நிறத்தில் வருகிறது. தமிழில் வருவதற்குள் பொழுது போய்விடுகிறது. தமிழர் இத்தனை பேர் வாழும் மலையில் இதை இன்னும் சரிசெய்யாதது பொறுக்க முடியாத அலட்சியம். உங்கள் அண்டையில், கொஸ்லாந்தை மீரியபெத்தையில், 2014 ஒக்டோபர் 29இல் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் மண்ணுக்குள் போனபோதும் குறை கருவியில் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்குப் பல ஆண்டுகள் முன்பே சொல்லப்பட்டிருந்தது. மக்களுக்கு மாற்றிடம்தான் கொடுக்கப்படவில்லை.

கருவிக்குப் பணம் போடலாம் என்று நான் சொல்வது ஒரே நிலையில்தான். அக்கம்பக்கத்து விடுதிகளும் லயத்து மக்களும் கூட்டாக வாங்க வேண்டும். தோட்ட நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதியோடு மேல்சரிவில் வைக்க வேண்டும். சிக்னல் இல்லாத இரவிலும் ஒலிக்கும் சைரன் அதோடு இருக்க வேண்டும். மின்கலம் மாற்றுவது யார், நடுநிசியில் கதவைத் தட்டுவது யார் என்பதைப் பெயரோடு எழுதிவைக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் வாங்காதீர்கள்.

இந்த வாரமே கிராம உத்தியோகத்தர் வழியாகப் பின்சரிவைப் பரிசோதிக்கக் கடிதம் கொடுங்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். சிவப்பு எச்சரிக்கை நாளில் பணத்தைத் திருப்பித் தருவோம் என்று முன்பதிவிலேயே எழுதுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ ஒவ்வொரு அறைக் கதவிலும் ஒட்டுங்கள்.