ஒரு தனியார் ஆலையைக் கொண்டுவர அரசு வரியை விட்டுக்கொடுப்பது சரியா?

கேள்வி கேட்டவர் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறார். தன் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஆலை வரப்போகிறது, அதற்கு அரசு நிறையச் சலுகை தருகிறதாம், இது நியாயமா என்பது ஒன்று. "ஆலையே வராவிட்டால் அந்த வரியும் வந்திருக்காது, அப்புறம் எதை இழந்தோம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள்" என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் கனமான கேள்வி. பல வருடம் எனக்கும் அதற்குப் பதில் தெரியாமல்தான் இருந்தது.

எங்கள் அப்பா திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஒன்பது பேர் வேலை பார்க்கிறார்கள். கணக்கு வழக்கெல்லாம் நான்தான். அதனால் வரி என்றாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது மாதக் கடைசி நெருக்கடி. பில் போட்ட மாதத்துக்கான ஜிஎஸ்டியை அடுத்த மாதமே கட்டிவிட வேண்டும். சரக்கு வாங்கிய கம்பெனி 90 நாள் கழித்துத்தான் பணம் தரும். வராத பணத்துக்குக் கைக்காசு போட்டு வரி கட்டுகிறோம். அந்த வரி எங்களுடையது இல்லை, வாங்கியவரிடமிருந்து வசூலித்து அரசிடம் சேர்க்க வேண்டியது என்பதால் அதில் எனக்குப் பெரிய வருத்தம் கிடையாது. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையை எடுத்துக்கொள்வோம். 2005 ஏப்ரலில் தமிழக அரசோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டார்கள். 2006 தொடக்கத்திலேயே கைபேசி தயாரிப்பு ஆரம்பித்துவிட்டது. சிப்காட் (மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனம்) நிலம், சிறப்புப் பொருளாதார மண்டலம் என்ற தகுதி, தடையில்லாத மின்சாரம் எல்லாம் கிடைத்தன. அன்றைக்குச் சிறப்பு மண்டலம் என்றால் ஏற்றுமதி லாபத்துக்கு முதல் 5 ஆண்டு வருமான வரி கிடையாது, அடுத்த 5 ஆண்டு பாதி வரிதான். இதெல்லாம் கம்பெனி கட்ட வேண்டிய வரியைக் குறைப்பது. பிடிக்கிறதோ இல்லையோ, புரிந்துகொள்ள முடிகிறது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. உள்நாட்டில் விற்ற கைபேசிகளுக்குக் கட்டிய, ஜிஎஸ்டிக்கு முன்பு இருந்த மதிப்புக் கூட்டு வரியையும் மத்திய விற்பனை வரியையும் மாநில அரசு கம்பெனிக்கே திருப்பிக் கொடுக்கும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. இந்த வரி யாருடைய பணம்? கடையில் போன் வாங்கியவர் கொடுத்த பணம். கம்பெனி அதை வசூலித்து அரசிடம் கட்டுகிறது, அரசு அதைத் திரும்பக் கம்பெனியிடம் கொடுக்கிறது. நான் மாதாமாதம் எங்கள் பட்டறையிலிருந்து கட்டுவதும் இதே மாதிரி வரிதான். "வரி விலக்கு" என்ற சொல் இந்த இடத்தில் பொருந்தவே பொருந்தாது. விலக்கு என்றால் போன் வாங்கியவருக்கு விலை குறைந்திருக்க வேண்டும். மக்களிடம் வாங்கிய வரியை ஒரு தனியார் கையில் கொடுப்பதற்கு மானியம் என்றுதான் பெயர், அதைப் பட்ஜெட்டில் மானியம் என்றே எழுதியிருந்தால் சட்டமன்றத்தில் யாராவது எழுந்து கேட்டிருப்பார்கள். ஆனால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் சிலர் கேட்டு வாங்கிய பிறகுதான் ஒப்பந்தத்தின் விவரமே வெளியே வந்தது.

சரி, எதிர்ப்பக்கம் சொல்வதையும் முழுதாகச் சொல்ல வேண்டும். அன்றைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் கைபேசிக்குச் சுங்க வரியே கிடையாது. உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டில் இந்தியா கையெழுத்துப் போட்டிருந்தது. இறக்குமதி செய்தால் வரி இல்லை என்னும்போது இங்கே ஆலை போட்டு எதற்குச் செய்ய வேண்டும் என்று எந்தக் கம்பெனியும் கேட்கும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் விற்பனை வரியைத் திருப்பித் தந்தார்கள் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. உச்சத்தில் அந்த ஆலையில் மட்டும் நேரடியாக 8,000 பேர் அளவில் வேலை பார்த்தார்கள். பெரும்பாலும் பெண்கள். பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்துவிட்டு வடமாவட்டக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ் ஏறி வந்த பிள்ளைகள். ஒரு வீட்டில் முதல் முறையாக ஒரு பெண் மாதச் சம்பளம் வாங்குவது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை அந்தப் பக்கம் கொஞ்ச நாள் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதைக் குறைத்துப் பேச நான் தயாராக இல்லை.

ஆனால் எட்டே வருடம். 2013இல் வருமான வரித் துறை, தாய்க் கம்பெனிக்கு அனுப்பிய மென்பொருள் உரிமத் தொகைக்கு வரி பிடித்தம் செய்யவில்லை என்று 2,000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. 2014இல் மாநில அரசும், ஏற்றுமதி என்று காட்டிய போன்கள் உள்நாட்டில் விற்கப்பட்டன என்று சொல்லி 2,400 கோடி கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. அதற்குள் நோக்கியாவின் கைபேசித் தொழிலையே மைக்ரோசாஃப்ட் வாங்குவதாக முடிவாகியிருந்தது. வழக்கில் சொத்து முடங்கிக் கிடந்ததால் சென்னை ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. கொஞ்ச நாள் மைக்ரோசாஃப்டுக்கு ஒப்பந்த அடிப்படையில் போன் செய்து கொடுத்தார்கள். அந்த ஒப்பந்தமும் முடிந்து, 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கானவர்கள் விருப்ப ஓய்வில் போயிருந்தார்கள். இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு "ஓய்வு" என்ற சொல் எவ்வளவு கொடுமையானது! நோக்கியாவுக்கு உதிரி பாகம் செய்து கொடுத்த, அதே வளாகத்தில் இருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் அந்த ஆண்டு முடிவிலேயே நின்றுபோனது.

வரித் துறை நெருக்கியதால்தான் போனார்கள் என்று ஒரு சாரார் சொல்வார்கள். நெருக்கடி உண்மைதான். ஆனால் ஸ்மார்ட்போன் வந்து, நோக்கியாவின் சந்தை உலகம் முழுக்கச் சரிந்துகொண்டிருந்த காலம் அது. சலுகை கொடுத்து ஒரு ஆலையைக் கூட்டிவரலாம், அந்தத் தொழிலே விழுந்தால் எந்தச் சலுகையும் அதைத் தாங்கிப் பிடிக்காது. மூடியபோது திருப்பிக் கேட்க ஒப்பந்தத்தில் பிடி இருந்ததா, போகிறவர்கள் தொழிலாளர்களுக்கு என்ன பொறுப்பு ஏற்க வேண்டும் என்று எழுதியிருந்ததா என்பதுதான் நாம் கேட்க வேண்டியது.

அப்படியென்றால் எல்லாம் வீணா? இல்லை. இங்கேதான் என் எண்ணமே மாறியது. 2019இல் அந்த மூடிய ஆலையை சால்காம்ப் எடுத்துக்கொள்வதாக அறிவிப்பு வந்தது. நோக்கியாவுக்குச் சார்ஜர் செய்து கொடுக்க அதே வளாகத்துக்கு வந்த கம்பெனிதான் அது. ஃபாக்ஸ்கானும் ஸ்ரீபெரும்புதூரை விட்டு முழுதாகப் போய்விடவில்லை. 2024-25இல் தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 1,465 கோடி டாலர், நாட்டிலேயே முதலிடம். இது சும்மா வந்ததில்லை. சாலை, துறைமுகம், மின் இணைப்பு, கை பழகிய ஆட்கள், உதிரி பாகம் செய்யும் கம்பெனிகள் எல்லாம் இங்கேயே தங்கியதால் வந்தது. திருப்பிக் கொடுத்த வரி? அது வாங்கிக்கொண்ட கம்பெனியோடு போய்விட்டது. எதை இழந்தோம் என்று கேட்கும் உங்கள் நண்பர்களுக்கு இதுதான் என் பதில். ஒரே ஒப்பந்தத்தின் பேரில் செலவான பணத்தில் ஒரு பகுதி மண்ணில் நின்றது, ஒரு பகுதி நிற்கவில்லை. ஆலையோடு கிளம்பிப் போக முடியாதவற்றுக்கு அரசு தாராளமாகச் செலவு செய்யட்டும், ரொக்கமாகத் தருவதில் கஞ்சத்தனம் காட்டட்டும். என் கருத்து இவ்வளவுதான்.

நல்ல உதாரணமும் அதே பக்கத்தில் இருக்கிறது. வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய பெண் தொழிலாளர் விடுதி, 18,720 படுக்கைகள், 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். செலவு 700 கோடிக்கு மேல். ஃபாக்ஸ்கான் தொழிலாளர்களுக்காகத்தான் கட்டினார்கள், பலன் அந்தக் கம்பெனிக்கும்தான். ஆனால் நாளைக்கு அந்தக் கம்பெனி போனாலும் கட்டடம் நம்முடையது. இதுவும் பொதுப்பணம் தனியாருக்கு உதவுவதுதான், ஆனாலும் நான் கைதட்டுவேன்.

"நாம் ரொக்கம் தராவிட்டால் பக்கத்து மாநிலம் தரும்" என்பார்கள். உண்மை, இதுதான் இருப்பதிலேயே பெரிய வினை. 2008இல் மேற்கு வங்கத்தின் சிங்கூரிலிருந்து டாடாவின் நானோ கார் ஆலை கிளம்பியபோது குஜராத் அரசு 0.1 சதவீத வட்டிக்குப் பல ஆயிரம் கோடிக் கடனுக்கு வழிசெய்து சானந்துக்குக் கூட்டிப்போனது. பத்து வருடத்தில் நானோ தயாரிப்பே நின்றுவிட்டது. அதே சானந்தில் 2023இல் மைக்ரான் சிப் ஆலை: மொத்தம் 275 கோடி டாலர் திட்டம், பாதியை மத்திய அரசும் ஐந்தில் ஒரு பங்கை மாநில அரசும் தருகின்றன. ஆக 100 ரூபாயில் 70 ரூபாய் நம்முடையது, ஆலை அவர்களுடையது. நம் மாநிலங்கள் ஒன்றோடொன்று ஏலம் கேட்பதில் ஏறுவது மானியம் மட்டும்தான், நாட்டுக்கு ஒரு ஆலை கூடுதலாக வந்துவிடுவதில்லை.

ஜிஎஸ்டி வந்த பிறகு கணக்கு இன்னும் மாறிவிட்டது. இப்போது மாநிலத்தின் பங்கு, பொருள் வாங்கப்படும் மாநிலத்துக்குப் போகிறது. ஸ்ரீபெரும்புதூரில் செய்த போன் பாட்னாவில் விற்றால் அந்தப் பங்கு பீகாருக்கு. வெளிநாட்டுக்குப் போனால் யாருக்கும் வரி இல்லை. அதனால் "ஆலை வந்தால் வரி கொட்டும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நமக்குக் கிடைப்பது சம்பளமும், அந்தச் சம்பளம் இங்கே செலவாவதும்தான். அப்படியானால் எத்தனை பேர், என்ன சம்பளம், நிரந்தரமா ஒப்பந்தக் கூலியா என்பதை வைத்துத்தான் சலுகையை அளக்க வேண்டும்.

இதில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. 2017இல் இதே ஃபாக்ஸ்கான் அங்கே 1,000 கோடி டாலர் முதலீடு, 13,000 வேலை என்று வாக்குக் கொடுத்தது. மாநிலம் சுமார் 300 கோடி டாலர் சலுகை தர ஒத்துக்கொண்டது. ஆனால் ஆள் எடுத்த பிறகுதான் பணம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது, ஒப்பந்தமும் எல்லோரும் படிக்கும்படி பொதுவெளியில் இருந்தது. முதல் ஆண்டு குறைந்தபட்ச எண்ணிக்கையைக்கூடத் தொடவில்லை, பணமும் போகவில்லை. 2021இல் 1,454 வேலை, 8 கோடி டாலர் சலுகை என்று சுருக்கி மறுபடி எழுதினார்கள். மாநிலம் தப்பித்தது. ஆலைக்கு இடம் கொடுத்த மவுண்ட் பிளசன்ட் என்ற சிறிய ஊர் தப்பவில்லை. அது முன்கூட்டியே கடன் வாங்கி, குடியிருந்தவர்களை வெளியேற்றி, நிலத்தை வாங்கித் தயாராக வைத்திருந்தது. வீட்டை இழந்தவர்களுக்கு எந்தத் திருத்த ஒப்பந்தமும் உதவவில்லை.

எங்கள் பட்டறைக்கும் ஒருமுறை மானியம் வர வேண்டியிருந்தது. கடன் வாங்கி, கணினியால் இயங்கும் ஒரு சிஎன்சி மெஷின் போட்டோம், சிறுதொழிலுக்கான மூலதன மானியத்துக்கு விண்ணப்பித்தோம். ஒரு அலுவலகத்தில் அந்தக் கோப்பு இரண்டு வருடத்துக்கு மேல் கிடந்தது. போகும்போதெல்லாம் ஒரு புதுத் தாள் கேட்டார்கள். பணம் வந்த நாளில், அதுவரை வங்கிக்குக் கட்டிய வட்டியை அப்பா ஒரு தாளில் கூட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மடித்து வைத்தார். ஒன்பது பேருக்கு வேலை தரும் இடத்தில் ஒவ்வொரு பில்லையும் சரிபார்க்க முடிகிற அரசால், ஆயிரம் கோடி விஷயத்திலும் அதே கண்டிப்போடு கேட்க முடியும். அதைத்தான் எதிர்பார்க்கிறேன்.

உங்கள் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். ஆலை வருவதை எதிர்க்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். ஆனால் கிராம சபை கூடும்போது கேளுங்கள். நிலம் குத்தகையா விற்பனையா? வரியில் எவ்வளவு, எத்தனை ஆண்டுக்குத் திரும்பக் கொடுக்கிறார்கள்? சொன்ன ஆள் எண்ணிக்கை வராவிட்டால் அது நிற்குமா? பாதியில் மூடினால் வாங்கியதைத் திருப்பித் தருவார்களா? பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள், பத்து ரூபாய்தான் கட்டணம். ஒப்பந்தத்தின் நகல் வேண்டும் என்று மட்டும் தெளிவாக எழுதுங்கள். வணிக ரகசியம் என்று மறுத்தால் மேல்முறையீட்டுக்கு 30 நாள் அவகாசம் உண்டு, அதைத் தவறவிட வேண்டாம். மனு எழுதத் தெரியவில்லை என்றால் கருத்துப் பெட்டியில் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன்.